பழுதாவதிலும் ஓர் அறம்

ஒரு பொருள் சரியாக இயங்கும்வரை அதை உருவாக்கியவரைப் பற்றி நாம் எண்ணுவதில்லை. அது பழுதாகும்போதுதான், பழுதாகும் விதத்தைக் கொண்டு, அவருடைய மனத்தை அறிகிறோம். காரின் ஹீட்டர் இதற்கு நல்லதொரு சான்று. வெப்ப நாட்டில் வளர்ந்த நம்மில் பலருக்குக் கார் என்றதும் ஏசிதான் நினைவுக்கு வரும். ஆனால் டொராண்டோவிலோ ஆஸ்லோவிலோ ஜனவரி மாதத்தில் வண்டி ஓட்டுகிறவருக்கு ஹீட்டர் ஒரு சொகுசு அன்று. உள்ளிருப்போரின் மூச்சிலுள்ள ஈரம் குளிர்ந்த முன்கண்ணாடியில் படலமாகப் படிகிறது. சூடான காற்று கண்ணாடியை நோக்கி வீசாவிட்டால் சிறிது நேரத்தில் சாலையே மறைந்துவிடும்.

பெட்ரோல், டீசல் கார்களில் இந்த ஏற்பாடு அடிப்படையில் எளியது. எஞ்சினின் வெப்பத்தை ஏந்திய கூலண்ட், டாஷ்போர்டுக்குப் பின்னுள்ள சிறு ரேடியேட்டர் ஒன்றினுள் சென்று திரும்புகிறது. ஒரு மின்விசிறி அதன் வழியே காற்றைத் தள்ளுகிறது. வெப்பக் காற்றும் குளிர்காற்றும் எந்த அளவில் கலக்க வேண்டும் என்பதை ஒரு சிறு கதவு தீர்மானிக்கிறது. காற்று காலுக்கா, முகத்துக்கா, கண்ணாடிக்கா என்பதை வேறு கதவுகள் முடிவு செய்கின்றன.

இவை ஒவ்வொன்றும் கெடும்போது தனக்குரிய குறியைக் காட்டும். விசிறி உச்ச வேகத்தில் மட்டும் சுழன்று மற்ற வேகங்களில் நின்றுவிட்டால் பெரும்பாலும் மோட்டாரில் குறையில்லை. வேகத்தைக் குறைக்கும் ரெசிஸ்டர் போயிருக்கும். உச்ச வேகத்தில் மின்சாரம் அதன் வழியே போவதில்லை. டாஷ்போர்டுக்குள் 'டிக் டிக்' என்று விடாமல் ஓசை கேட்டால், கதவைத் திருப்பும் சிறு மோட்டாரின் பிளாஸ்டிக் பற்சக்கரம் தேய்ந்திருக்கலாம். எஞ்சின் சூடேறிய பின்னும் காற்று குளிர்ந்தே வந்தால் ஹீட்டருக்குச் செல்லும் இரு குழாய்களையும் கவனமாகத் தொட்டுப் பார்க்கலாம். இரண்டும் சூடாக இருந்தால் கலக்கும் கதவைச் சந்தேகிக்க வேண்டும். ஒன்று சூடாகவும் மற்றது குளிர்ந்தும் இருந்தால் உள்ளே ஓட்டம் தடைப்பட்டிருக்கிறது. இரண்டுமே வெதுவெதுப்பாக இருந்தால் கூலண்ட் குறைந்திருக்கலாம், அல்லது தெர்மோஸ்டாட் மூடாமல் திறந்தே நிற்கலாம். இனிப்பான ஒரு வாடையும் கண்ணாடியில் பிசுபிசுப்பும் சேர்ந்து வந்தால் சிறு ரேடியேட்டர் கசிகிறது என்று பொருள்.

இவற்றுள் நம்மைப் பெரிதும் கவர்வது வேறொரு குறி. பல அமெரிக்கக் கார்களில் நெடுங்காலம் இக்கதவுகளை இயக்கியது மின்சாரம் அன்று. எஞ்சின் காற்றை உள்ளிழுக்கும்போது பிறக்கும் வெற்றிடத்தின் இழுவிசை. மெல்லிய குழாய்கள் அவ்விசையைக் கதவுகளுக்குக் கொண்டுசென்றன. ஆண்டுகள் செல்லச் செல்லக் குழாய் வெடித்து விசை குறையும். அப்போது ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் முகத்தில் வீசிய காற்று தானே கண்ணாடிக்குத் தாவும். முற்றிலும் விசை அற்றுப்போனால் காற்று கண்ணாடியை நோக்கியே நின்றுவிடும். இது தற்செயல் அன்று. விசையிழந்த கதவை ஸ்பிரிங் அந்தப் பக்கம் தள்ளுமாறு முன்கூட்டியே அமைத்தார்கள். என்றோ ஒருநாள் இது கெடும், அன்று ஓட்டுநரின் கால் குளிர்ந்தாலும் பார்வை மறையக்கூடாது என்று யாரோ ஒரு பொறியாளர் எண்ணியிருக்கிறார். அந்த எண்ணத்தையே அறம் என்கிறோம்.

கதவுகளைச் சிறு மின்மோட்டார்கள் திருப்பும் ஏற்பாட்டில், மோட்டார் கெட்டால் கதவு பெரும்பாலும் நின்ற இடத்திலேயே நின்றுவிடுகிறது. கைப்பிடிகளும் குமிழ்களும் மறைந்து தொடுதிரைகள் வந்துவிட்ட கார்களில் கண்ணாடியைத் தெளிவாக்கும் கட்டளையைக்கூடச் சில வேளை திரையில் தேட வேண்டியிருக்கிறது. 2022-இல் ஸ்வீடனின் 'வி பில்யேகரே' என்னும் கார் இதழ் ஒரு சோதனை நடத்தியது. மணிக்கு 110 கி.மீ. வேகத்தில் வெப்பத்தைக் கூட்டுவது, வானொலி நிலையத்தை மாற்றுவது போன்ற நான்கு வேலைகளைச் செய்ய வேண்டும். பொத்தான்கள் கொண்ட 2005-ஆம் ஆண்டு வோல்வோ ஒன்றில் அவற்றுக்கு 10 விநாடிகள் போதுமாயிருந்தன. அதற்குள் கார் 306 மீட்டர் சென்றது. தொடுதிரை கொண்ட புதிய கார்களுள் கடைசியாக வந்ததற்கு 44.9 விநாடிகள் ஆயின. கார் கடந்த தூரம் 1,372 மீட்டர்.

பழமையை நாம் போற்றிப் பாடவில்லை. பழைய குழாய்களில் கசிவைத் தேடிக் கண்டுபிடிப்பது பெரும்பாடு. மின்மோட்டார்கள் துல்லியமானவை, தம் பழுதைக் குறியீடாகப் பதிந்துவைத்து மெக்கானிக்கின் கருவிக்குச் சொல்லவும் வல்லவை. ஆனால் அந்தக் குறியீடு ஓட்டுநருக்கு உடனே தெரிவதில்லை. காதும் கையும் மூக்கும் கொண்டு எவரும் உணரக்கூடிய குறிகள், கருவி உள்ளவருக்கு மட்டும் புரியும் எண்களாகிவிட்டன. காரின் உரிமையாளர் தம் காருக்கே அந்நியராகும் நிலை இது.

ஆகவே நாம் வேண்டுவது பெரிதொன்றும் அன்று. முன்கண்ணாடிக்கு வெப்பக் காற்றை அனுப்ப, பார்க்காமலே விரல் தேடியடையும் தனிப் பொத்தான் ஒன்று எல்லாக் கார்களிலும் இருக்கட்டும். மோட்டார் செயலிழந்தாலும் கதவு கண்ணாடிப் பக்கமே சாயட்டும். ஒரு ஸ்பிரிங்கால் முன்பு முடிந்தது, இத்தனை கணினிகளைச் சுமக்கும் வண்டியில் முடியாது என்றால் அதை நம்புவது கடினம்.