சொந்த மனையா, இரவல் வீடா?

தோட்ட வேலையோடு பலகாரம், மசாலைத் தூள், பூமாலை என்று சிறு வியாபாரம் நடத்தும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. ‘நமக்கென ஓர் அகப்பக்கம் வேண்டுமா?’ என்பது அவர்கள் முன்னுள்ள கேள்வி.

முகநூலும் புலனமும் இலவசமாயிற்றே என்பர். லயத்து வீடும் வாடகையின்றித்தான் கிடைத்தது. வேலை போனதும் வீடும் போயிற்று! 2021 அக்டோபர் 4-இல் அவ்விரண்டும் உலகெங்கும் ஏறக்குறைய 6 மணி நேரம் முடங்கின. நமக்கு அது இரவு. தீபாவளி வியாபாரப் பகலாயிருந்தால்?

தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960-இல், துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதன் கருத்தும் இதுவே: காலூன்ற நமக்கென நிலம் வேண்டும்.

ஆயினும் எல்லோரும் இன்றே கட்டவேண்டுமென்று நாம் கூறவில்லை. அண்டை அயலார் மட்டுமே வாங்குவோரானால் புலனமே போதும். வெளியூர் ஆர்டர் பெருகி, ஒரே விலைப்பட்டியலைப் பலருக்கும் திரும்பத் திரும்ப எழுத நேர்ந்தால் அகப்பக்கம் அவசியம்.

அப்போது மூன்றைக் கவனியுங்கள். தளப்பெயரை உங்கள் பேரிலேயே பதியுங்கள். அமைத்துத் தருபவர் பேரில் விடாதீர்கள். ஆண்டுக் கட்டணத்தைத் தவறாது கட்டுங்கள். தவறினால் பெயர் பிறர் கைக்குப் போகலாம். வணிகப் பெயர், பதிவு எண், விலை, தொடர்பு விவரம் ஆகியவற்றைத் தெரியக் காட்டுங்கள். இணையத்தில் விற்போருக்கு 2013 முதலே இது சட்டம்.

சிறுகக் கட்டிப் பெருக வாழ் என்றனர் பெரியோர். சிறுகவே கட்டுங்கள், தோழர்களே. ஆனால் சொந்த மனையில் கட்டுங்கள்!