வெள்ளத்தின் கணக்கும் திறைசேரியின் கணக்கும்

வளர்முக நாடுகளின் காலநிலைப் பணிகளுக்கு, செல்வ நாடுகள் முன்னின்று, 2035 அளவில் ஆண்டுதோறும் 30,000 கோடி டொலராயினும் திரட்டுவதென 2024 இல் பாகு மாநாடு முடிவு செய்தது. அப்பணம் வந்தால் எக்கணக்கிற் சேரும்? எவர் கையாற் செலவாகும்? இதுவே எமது கேள்வி.

2018 மார்கழி வெள்ளம் கிளிநொச்சி, முல்லைத்தீவு வயல்களை மூழ்கடித்தது. 2020 மார்கழியிற் புரேவிப் புயல் வடக்கைத் தாக்கிற்று. அழிந்தபின் நிவாரணம் வழங்குவது மட்டும் ஆட்சியாகாது.

வங்காளதேசம் 2017 இலேயே வரவு செலவுத் திட்டத்துடன் அமைச்சுவாரியான காலநிலைச் செலவறிக்கையை வெளியிடத் தொடங்கிற்று. எமது திறைசேரியும், குளக்கட்டுக்கும் வாய்க்காலுக்கும் ஒதுக்கியது எவ்வளவு, செலவிட்டது எவ்வளவு என மாவட்டவாரியாக ஆண்டுதோறும் பாராளுமன்றத்திற் சமர்ப்பித்தல் வேண்டும். கணக்கிற் காணாத பணம் கமக்காரனின் வயலைக் காணாது!