வேலூரில் தமிழில் கேட்க முடிந்தது, இலண்டனில் ஏன் முடியாது?

பிரித்தானியாவின் சுகாதார சேவை எண்களைக் கொண்டு திட்டமிடும் சேவை. எத்தனை பேருக்கு எந்த நோய், அதனைக் கண்டறிய எத்தனை மாதங்கள் சென்றன, மருத்துவரின் விளக்கம் நோயாளருக்குப் புரிந்ததா, வீட்டில் பராமரிப்பவர் யார் என்னும் வினாக்களுக்கு மக்கள் அளிக்கும் விடைகள் தொகுக்கப்பட்டு, அறிக்கையாகி, அமைச்சரின் மேசைக்கும் மருத்துவமனை நிருவாகத்தின் மேசைக்கும் செல்கின்றன. அந்த விடைகளில் இடம்பெறாத சமூகத்தின் துயர் எவருடைய மேசைக்கும் செல்வதில்லை. மூளை, நரம்பு சார்ந்த நோய்களைப் பொறுத்தவரையில், இலண்டன் வாழ் தமிழ்ச் சமூகம் அவ்வாறு எண்களுக்கு வெளியே நிற்கும் சமூகங்களுள் ஒன்றாகும்.

பார்க்கின்சன் நோய், வலிப்பு, பாரிசவாதம், முதுமை மறதி நோய், ஒற்றைத் தலைவலி எனப் பலவகைப்படும் நரம்பியல் நோய்களுள் ஏதேனும் ஒன்றுடன், இந்நாட்டில் ஆறு பேரில் ஒருவர் வாழ்கின்றார் என்று நோயாளர் அமைப்புகளின் கூட்டமைப்பான நியூரோலொஜிக்கல் அலையன்ஸ் கூறுகின்றது. 2014ஆம் ஆண்டு முதல் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இக்கூட்டமைப்பு நோயாளரிடம் வினாக்கொத்துகளை வழங்கி, அவர்களுடைய அனுபவத்தைக் கேட்டு வருகின்றது. 2018-19இல் இங்கிலாந்தில் 10,000இற்கும் மேற்பட்டோர் விடையளித்தனர். 2021-22இல் ஐக்கிய இராச்சியம் முழுவதிலும் இருந்து 8,500இற்கும் மேற்பட்டோர் விடையளித்தனர். பாராட்டுக்குரிய பணி இது. ஆயினும், மருத்துவமனை வழியாகவும் இணையம் வழியாகவும் செல்லும் எந்த வினாக்கொத்தும், ஏற்கெனவே மருத்துவமனையின் வாசலைக் கண்டவரையும் இணையத்தில் படிவம் நிரப்பத் தெரிந்தவரையுமே பெரும்பாலும் சென்றடையும். குடும்ப வைத்தியரிடம் கூடத் தன் கைநடுக்கத்தைச் சொல்லாத ஈஸ்ற்காம் முதியவரை, ஹரோவில் பாரிசவாதத்தால் படுக்கையில் கிடக்கும் தாயை அது எவ்வாறு கண்டடையும்?

தமிழர் தொகை சிறிது என்று கூறித் தப்பிவிடவும் வழியில்லை. இங்கிலாந்திலும் வேல்சிலும் தமிழைத் தமது முதன்மை மொழியாகப் பதிந்தோர் 2011ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் ஏறத்தாழ 101,000 பேர்; 2021இல் அத்தொகை ஏறத்தாழ 125,000 ஆயிற்று. அவர்களுள் மிகப் பெரும் பகுதியினர் இலண்டனிலும் அதன் அயலிலும் வாழ்பவர்கள். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் உயிர் தப்பி வந்த இளைஞர் தலைமுறை இன்று அறுபதைத் தாண்டிக்கொண்டிருக்கின்றது. அத்தலைமுறை பின்னர் அழைத்துவந்த பெற்றோர் எண்பதைத் தாண்டிவிட்டனர். நரம்பியல் நோய்கள் பல முதுமையோடு கூடியே வருபவை. அடுத்த இருபது ஆண்டுகளில் இச்சமூகத்தின் வீடுகளுக்குள் நிகழப்போவது என்ன என்பதை அறிய சோதிடம் தேவையில்லை.

இருந்தும், சேர்க்கப்படும் எண்களிலேயே தமிழர் காணாமற் போகின்றனர். இந்நாட்டின் படிவங்களில் இனப்பிரிவைக் குறிக்கும் இடத்தில் இந்தியர், பாகிஸ்தானியர், வங்காளதேசத்தவர், சீனர் என்று பெட்டிகள் உள்ளன. ஈழத்தமிழருக்கு எஞ்சுவது "வேறு ஆசியப் பின்னணி" என்னும் பெட்டி. தமிழகத்தில் இருந்து வந்தவர் "இந்தியர்" என்னும் பெரும் பெட்டிக்குள் மறைந்துவிடுகின்றார். ஒரு தமிழர் படிவத்தை ஒழுங்காக நிரப்பி அனுப்பினாலும், அவர் தமிழர் என்பதைப் படிப்பவர் அறியமாட்டார். அறியப்படாத சமூகத்துக்குத் தனித் தேவை இல்லையென்று கருதப்படும். தேவை இல்லாத இடத்தில் தமிழில் வினாக்கொத்து எதற்கு என்று கேட்கப்படும். இந்த வட்டத்தை யார் உடைப்பது?

ஆங்கிலத்தில் வரும் படிவம் தமிழ் வீட்டுக்குள் நுழைந்தபின் நிகழ்வது பலரும் அறிந்ததே. அது பிள்ளையின் கைக்குப் போகின்றது. பதினைந்து வயது மகள் தாத்தாவின் சார்பில் விடை எழுதுகின்றாள். "கடந்த நான்கு வாரங்களில் நீங்கள் மனச்சோர்வாக உணர்ந்தீர்களா?" என்ற வினாவைத் தாத்தாவிடம் கேட்கக் கூச்சப்பட்டு "இல்லை" என்ற பெட்டியில் அடையாளமிடுகின்றாள். சிறுநீர் அடக்க முடியாமை பற்றிய வினாவை வெறுமையாக விடுகின்றாள். இரவிரவாகக் கண்விழிக்கும் அம்மம்மாவை எவரும் எதுவும் கேட்பதில்லை. இவ்வாறு நிரப்பப்பட்ட படிவம் தாத்தாவின் நிலையைக் கூறாது; பேத்தியின் அன்பையும் அவளது தயக்கத்தையுமே கூறும். மருத்துவ உரையாடலில் பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளராகப் பயன்படுத்தலாகாது என்பதும், தகுதி பெற்ற மொழிபெயர்ப்பாளர் கட்டணமின்றி வழங்கப்படல் வேண்டும் என்பதும் தேசிய சுகாதார சேவை 2018இல் ஆரம்ப சிகிச்சை நிலையங்களுக்கென வெளியிட்ட வழிகாட்டலின் நிலைப்பாடு. ஆலோசனை அறையில் ஒவ்வாத செயல், வினாக்கொத்தில் மட்டும் எவ்வாறு ஒவ்வும்?

தமிழில் இத்தகைய ஆய்வு நடத்துவது கடினம், செலவு மிக்கது, அறிவியல் முறைக்குச் சரிவராது என்போருக்கு விடை இதே இலண்டன் மாநகரிலேயே உண்டு. மறதி நோயுடையோரில் மூன்றில் இரண்டு பங்கினர், அதாவது 66 விழுக்காட்டினர், வளர்முக நாடுகளில் வாழ்ந்தபோதும், அந்நோய் பற்றிய ஆராய்ச்சியில் பத்து விழுக்காட்டுக்கும் குறைவே அவர்களைப் பற்றி நடைபெற்றது. அந்த அநீதியையே பெயராகச் சூடிய "10/66" ஆய்வுக்குழு 1998இல் கொச்சியில் உருவாகியது. அதனை ஒருங்கிணைத்தவர், தென் இலண்டனில் உள்ள இலண்டன் கிங்ஸ் கல்லூரியின் உளமருத்துவ நிறுவகத்தைச் சேர்ந்த பேராசிரியர் மார்ட்டின் பிரின்ஸ். அக்குழுவின் ஆய்வுக் களங்களுள் இரண்டு தமிழ் மண்ணில் அமைந்தன: நகரத்துக்குச் சென்னை, கிராமத்துக்கு வேலூர். ஒவ்வொன்றிலும் 65 வயதைக் கடந்த ஏறத்தாழ ஆயிரம் பேரை வீடு வீடாகச் சென்று கண்டனர். எழுத்தறிவு இல்லாத மூதாட்டி தோல்வியுறாத வண்ணம் வினாக்கள் அமைக்கப்பட்டன. முதியவரிடம் தனியாகவும், அவரை நன்கறிந்த உறவினரிடம் தனியாகவும் கேட்டனர். பராமரிப்பவரின் சுமையையும் கேட்டனர்.

ஏழு நாடுகளில், ஏறத்தாழ 15,000 முதியவர்களிடம் நடத்தப்பட்ட அந்த ஆய்வின் முடிவு 2008இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது. அமெரிக்க உளமருத்துவர் சங்கத்தின் வரையறையைக் கொண்டு கணித்தபோது, இந்தியக் கிராமக் களத்தில் மறதி நோயாளர் 0.3 விழுக்காட்டினர் மட்டுமே. அம்மக்களின் கல்வியையும் வாழ்க்கைச் சூழலையும் கருத்திற்கொண்டு அக்குழு வகுத்த முறையினால் கணித்தபோது, ஆய்வு நடந்த எந்தக் களத்திலும் அவ்விகிதம் 5.6 விழுக்காட்டுக்குக் கீழே செல்லவில்லை. அதே ஊர், அதே முதியவர்கள். அளவுகோல் மாறியதும், இல்லாதிருந்த நோயாளர் பன்மடங்காகத் தோன்றினர். வினாவை எவர், எம்மொழியில், எம்முறையில் கேட்கின்றார் என்பதே ஒரு சமூகத்தின் நோயைப் புலப்படுத்தவும் மறைக்கவும் வல்லது என்பதற்கு இதனைவிடத் தெளிவான சான்று வேண்டுமா? வேலூர்க் கிராமத்து மூதாட்டியிடம் அவரது மொழியில் கேட்கும் வழியை இலண்டன் அறிஞர்கள் அறிந்திருக்கையில், வெம்பிளியில் வாழும் தமிழ் மூதாட்டியிடம் கேட்க வழியில்லை என்பது நொண்டிச் சாட்டு அன்றி வேறென்ன?

ஆனால் இந்தச் சான்று இருபுறமும் கூரான வாள். வேலூரில் முதல் அளவுகோல் தோற்றதற்கு ஆய்வாளர் கூறிய விளக்கம், அந்நோய் பற்றிய விழிப்புணர்வு குறைந்த இடங்களில் குடும்பத்தவர் முதியவரின் தளர்ச்சியை நோயாகக் கண்டு சொல்வதில்லை என்பதாகும். அந்தக் குடும்பத்தவரை இலண்டனிலும் காணலாம். அப்பு வீட்டுக்கு வரும் வழியை மறந்தால் "வயது போனால் அப்படித்தான்" என்கின்றனர். அப்பாச்சி ஒரே கதையைப் பத்துத் தரம் சொன்னால் "அறளை பெயர்ந்துவிட்டது" என்று சிரித்துக் கடக்கின்றனர். வலிப்பு உள்ள மகளின் மாத்திரையை, கலியாணப் பேச்சு முடியும்வரை அலுமாரிக்குள் ஒளிக்கின்றனர். இந்துத் திருமணச் சட்டத்தில் வலிப்பு நோய் திருமணத்துக்குத் தடையாகக் குறிக்கப்பட்டிருந்ததை இந்தியா 1999இலேயே நீக்கிவிட்டது. சட்டம் கைவிட்ட இழுக்கைக் குடும்பங்கள் இன்னும் கட்டிக் காப்பது ஏன்?

ஒளிப்பதற்கு விலை உண்டு. 2022இல் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர் வெளியிட்ட முடிவின்படி, இங்கிலாந்தில் மறதி நோயுடைய தெற்காசியர், வெள்ளையினத்தவரைவிட ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் குறைந்த வயதிலேயே இறக்கின்றனர். கறுப்பின, ஆசிய, சிறுபான்மை இனத்தவருள் மறதி நோயாளர் தொகை 25,000 என மதிப்பிட்ட 2013ஆம் ஆண்டு நாடாளுமன்ற அனைத்துக்கட்சிக் குழுவின் அறிக்கை, அத்தொகை 2051இல் 172,000ஐத் தாண்டும் என்று எச்சரித்தது. அந்தத் தொகையில் தமிழர் எத்தனை பேர் என்பதை அந்த எண் கூறாது.

"படிவம் நிரப்பி என்ன கண்டோம்?" என்று சலிப்பவர்களும் உளர். இலண்டன் ஹொக்ஸ்டனில் மருத்துவராக இருந்த ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இல் நடுக்குவாதம் பற்றி எழுதிய நூலுக்கு ஆதாரமாக இருந்தவர்கள் ஆறே ஆறு பேர். அவர்களுட் சிலர் வீதியில் காணப்பட்டவர்கள். கண்டு, நின்று, கேட்டதனாலேயே அந்நோய் மருத்துவ உலகின் கவனத்துக்கு வந்தது. வீட்டுக்குள் பூட்டப்பட்டவர் எவரும் அந்த நூலில் இல்லை.

"விபரம் உள்துறை அமைச்சுக்குப் போய்விடும்" என்னும் அச்சத்தை எள்ளி நகையாடல் தகாது. நோயாளரின் முகவரி முதலிய விபரங்களைக் குடிவரவு அதிகாரிகளுக்கு வழங்கும் உடன்பாடு 2017இல் நடைமுறைக்கு வந்ததும், கடும் எதிர்ப்பின் பின்னர் 2018இல் கைவிடப்பட்டதும் வரலாறு. ஆகவே, விடையளிப்பவரின் பெயரும் முகவரியும் கேட்கப்படாது என்ற உறுதி வினாக்கொத்தின் முதற் பக்கத்திலேயே, தமிழிலேயே இருத்தல் வேண்டும்.

சுகாதார சேவையிடமும் நோயாளர் அமைப்புகளிடமும் தமிழ்ச் சமூகம் கேட்க வேண்டியவை மிகையானவை அல்ல. நரம்பியல் பராமரிப்புப் பற்றிய வினாக்கொத்துகள் தமிழில் அச்சிலும் ஒலிவடிவிலும் கிடைத்தல் வேண்டும். பேசும் மொழி என்ன என்ற வினா ஒவ்வொரு படிவத்திலும் இடம்பெறல் வேண்டும். பராமரிப்பாளருக்குத் தனி வினாக்கள் வேண்டும். ஏனெனில், 2014ஆம் ஆண்டுப் பராமரிப்புச் சட்டம் இங்கிலாந்தில் அவர்களுக்கு அளித்த தேவை மதிப்பீட்டு உரிமையை அறியாமலே பல தாய்மாரும் மனைவிமாரும் உழல்கின்றனர். ஆய்வாளர், கோவில் மண்டபத்துக்கும் சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலைக்கும் முதியோர் ஒன்றுகூடலுக்கும் நேரில் வரல் வேண்டும்.

தமிழ்ச் சமூகம் செய்ய வேண்டியதும் உண்டு. பெற்றோர் ஒளிப்பதை நிறுத்த வேண்டும். கோவில் நிருவாகங்கள் அன்னதானத்துக்குக் கூடும் மக்களிடையே ஒரு மணிநேரத்தை இதற்கு ஒதுக்கல் வேண்டும். இளையோர் தாத்தாவுக்குப் பதிலாக விடை எழுதாது, வினாவைத் தமிழில் வாசித்து, அவர் சொல்லும் விடையை அவ்வாறே எழுதல் வேண்டும். "மொழிபெயர்ப்பாளர் வேண்டும்" என்று மருத்துவமனையில் துணிந்து கேட்டலும் அவர்களுடைய கடமையே. தமிழ் பேசும் மருத்துவரும் தாதியரும் இந்நகரில் நிறையவே உள்ளனர். வினாக்கொத்தை மொழிபெயர்த்து, முதியவர் சிலரிடம் வாசித்துப் பார்த்துச் செம்மைப்படுத்துவதற்கு அவர்களைவிடத் தகுந்தவர் யார்?

கேட்காதவர் மீது குற்றம் உண்டு. கேட்கும்போது மறைப்பவர் மீதும் உண்டு. இவ்விரண்டுக்கும் இடையில், தன் பிள்ளைகளின் பெயர்களையே மறந்துகொண்டிருக்கும் ஒரு தலைமுறை காத்திருக்கின்றது. பின்னர் கற்ற ஆங்கிலம் அவர்களுட் பலரிடம் இருந்து முதலில் நழுவும். இறுதிவரை எஞ்சி நிற்கக்கூடிய தமிழில், அவர்களால் விடை சொல்ல முடிகின்ற காலத்திலேயே கேட்டாக வேண்டும்.