விபத்தில் 'தவறு' யாருடையது என்பதை யார் எழுதுகிறார்கள்?

சாலையில் கார் மோதி ஒருவர் விழுந்தால், நம் மக்கள் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார்கள். கார் வைத்திருப்பவரின் ஆட்கள் காவல் நிலையத்துக்குப் போகிறார்கள். இழப்பீட்டு வழக்குகளில் நாம் எங்கே தோற்கிறோம் என்று கேட்டால், பல நேரங்களில் இந்த முதல் சில மணி நேரத்தில்தான் என்று சொல்வோம்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 166-ன் கீழ் வழக்குப் போட்டால் ஓட்டுநரின் கவனக்குறைவை நாம் காட்ட வேண்டும். காட்டிவிட்டால் வாகன உரிமையாளரும் அவருக்காக இன்சூரன்ஸ் நிறுவனமும் பணம் தர வேண்டும். அதனால் எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் வாடிக்கையான வாதம், 'அடிபட்டவர் மீதும் தவறு இருக்கிறது' என்பதுதான். கான்ட்ரிபியூட்டரி நெக்லிஜென்ஸ் என்று நீதிமன்றத்தில் சொல்வார்கள். தீர்ப்பாயம் அதை 30 சதவீதம் என்று ஏற்றுக்கொண்டால், 10 லட்சம் 7 லட்சமாகிவிடும். ஒரு கூலிக் குடும்பத்துக்கு அந்த 3 லட்சம் எவ்வளவு பெரிய தொகை என்று உங்களுக்குத் தெரியும்.

இதில் சாதி எங்கே வருகிறது என்று சில தோழர்கள் கேட்கலாம்.

நம் கிராமங்கள் பலவற்றில் ரோட்டுக்கு அந்தப் பக்கம் காலனி, இந்தப் பக்கம் ரேஷன் கடையும் பள்ளியும் பஸ் நிறுத்தமும். ரோட்டைக் கடக்காமல் நம்மால் வாழ முடியாது. அங்கே தெருவிளக்கு இருக்காது, வேகத்தடை இருக்காது. மோதிய பிறகு எஃப்.ஐ.ஆரில் 'திடீரென்று குறுக்கே வந்ததால்' என்று ஏறிவிடுகிறது. யார் சொன்னது? அடிபட்டவர் மயக்கத்தில் கிடக்கிறார். பார்த்த கடைக்காரர் ஊர்க்காரர். காலனிக்காரனுக்காக சாட்சிக்கூண்டில் ஏற யோசிப்பார். கூடவே 'குடித்திருந்தான்' என்ற பேச்சும் வந்து ஒட்டிக்கொள்ளும். ஆக, தவறு ரோட்டில் மட்டும் தீர்மானமாவதில்லை. காகிதத்திலும் தீர்மானமாகிறது. அந்தக் காகிதத்தை எழுதவைக்கும் பலம் யாரிடம் இருக்கிறது என்பது சாதிக் கேள்வி.

ஆனால் சட்டம் இந்த இடத்தில் நம்மைக் கைவிடவில்லை. தீர்ப்பாயத்தில் குற்ற வழக்கு அளவுக்குச் சந்தேகமற நிரூபிக்கத் தேவையில்லை. எப்படி நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். ஓட்டுநர் கிரிமினல் வழக்கில் விடுதலையானாலும் இழப்பீட்டு வழக்கு செத்துப்போகாது என்று 1980-லேயே நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் எழுதிவிட்டார். லைசென்ஸ் இல்லாமல் பைக் ஓட்டினார் என்பது மட்டுமே அவர் மீது தவறு சுமத்தப் போதாது என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. விபத்துக்குப் பின் வண்டிகள் கிடந்த இடத்தைக் காட்டும் மகஜரை மட்டும் வைத்துப் பாதித் தவறை அடிபட்டவர் மேல் போட முடியாது என்று 2013-ல் சொன்னது. ஒரே பைக்கில் மூன்று பேர் போனதற்காக 10 சதவீதம் குறைத்ததை 2020-ல் ரத்து செய்தது. விதியை மீறுவது வேறு, விபத்துக்குக் காரணமாவது வேறு. அந்த மீறல்தான் மோதலுக்குக் காரணம் என்று சொல்பவர்தான் அதைச் சாட்சியத்தோடு காட்ட வேண்டும்.

உண்மையிலேயே நம் ஆள் மீதும் தவறு இருந்தால்? அப்போதும் வழக்கு விழுந்துவிடாது, தொகைதான் குறையும். எவ்வளவு குறைப்பது என்பதற்கும் காரணம் சொல்லியாக வேண்டும். நாம் சலுகை கேட்கவில்லை, சாட்சியம் கேட்கிறோம்.

2019 திருத்தத்துக்குப் பிறகு, போலீஸ் 3 மாதத்துக்குள் விபத்துத் தகவல் அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும்; அதையே இழப்பீட்டு மனுவாக எடுத்துக்கொள்ளலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதே அறிக்கையில் 'குறுக்கே வந்தார்' என்று இருந்தால், நம் மனுவே நமக்கு எதிரான சாட்சியாகிவிடும். எனவே அந்த அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கிப் படிப்பது நம் வேலை.

ஊரில் இருக்கும் மாணவத் தோழர்கள் செய்யக்கூடியவை இவை. மோதிய இடத்தைப் பிரேக் தடத்தோடு அன்றே போட்டோ எடுங்கள். பக்கத்து பெட்ரோல் பங்க், கடைகளில் சிசிடிவி பதிவு அழிவதற்குள் எழுத்தில் கேளுங்கள். ஆஸ்பத்திரி ஏ.ஆர். காப்பியில் விபத்து எப்படி நடந்ததாக எழுதியிருக்கிறது என்று பாருங்கள். எஃப்.ஐ.ஆர் தவறாக இருந்தால் எஸ்.பி. அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் மறுப்பு அனுப்புங்கள். அந்த ரசீதும் ஆவணம்தான். மனுப்போட 6 மாதம் என்ற வரம்பு 2022 ஏப்ரல் முதல் சட்டத்தில் இருக்கிறது, தள்ளிப்போடாதீர்கள். குடியிருக்கும் பகுதியின் தீர்ப்பாயத்திலேயே வழக்குப் போடலாம். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞர் தர வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. தவறு யாருடையது என்று பார்க்காமலே கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம், மரணத்துக்கு 5 லட்சம் தரும் பிரிவு 164 இருக்கிறது. அவசரத்துக்கு உதவும். ஆனால் அந்தப் பணத்தை ஏற்றுக்கொண்டால், பெரிய தொகை கேட்டுப் போட்ட வழக்கு முடிந்துபோகும். காலை இழந்த இளைஞனின் வீட்டில் யாராவது கையெழுத்துக் கேட்டு வந்தால், முதலில் அந்தக் காகிதத்தை வாங்கிப் படியுங்கள்.