கத்திரிக்கு முன்னால்

மாசி மாதத்துத் தாம்பரம் காலைப்பனியைக் கண்டு நேயர்கள் ஏமாறலாகாது. 2003 மே மாதத்தில் 45 டிகிரி வெயில் கண்டது நம் சென்னை!

சென்ற சித்திரையில் எங்கள் வீட்டு ஏ.ஸி. யந்திரம் பனிக்கட்டி பிடித்து நின்றுவிட்டது. மாடியறையில் வயதான தாயார் இரண்டு இரவு கண்மூடவில்லை. பழுதுபார்க்க வந்தவர், "காஸ் போய்விட்டது, ஸார்" என்று சொல்லிப் பணமும் வாங்கிச் சென்றார். மறுநாளும் பனிக்கட்டிதான். கசிவில்லாத குழாயில் காஸ் தானாகக் குறையாது என்பது பௌதிகம் போதிக்கும் எனக்கே அப்போது தோன்றவில்லை, போங்கள்!

பிறகு ஃபில்டரைக் கழற்றினேன். ஜி.எஸ்.டி. சாலைத் தூசு கம்பளி போல் படிந்திருந்தது. காற்றோட்டம் குன்றினால் உள்ளிருக்கும் சுருள்குழாய் உறைந்துவிடும். மின்சாரத்தை நிறுத்தி, வலையை அலசி, நிழலில் உலர்த்தி மாட்டினேன். அன்றிரவு தாயார் உறங்கினார்.

இவ்வருஷம் அந்த வேலை மாசியிலேயே முடிந்தது. 24 டிகிரியும் மின்விசிறியும் தாயாருக்குப் போதும். மொட்டைமாடிக்குச் சுண்ணாம்பு அடிப்பதுதான் பாக்கி.