சந்தேகம் எங்கே சதிக்கதையாகிறது?

2021ஆம் ஆண்டு என் உம்மம்மா ஒரு கேள்வி கேட்டார். அதற்கு என்ன பதில் சொல்வதென்று நெடுநாள் வரை எனக்குத் தெரியவில்லை. அப்போது நான் தரம் 9 மாணவி. பாடசாலைகள் மூடிக் கிடந்தன. ஊர் மண்டபத்தில் கொவிட் தடுப்பூசி போடுகிறார்கள், வயது போனவர்கள் வந்து போட்டுக்கொள்ளுங்கள் என்று பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். வாப்பா முச்சக்கர வண்டிக்குச் சொல்லிவிட்டு வந்தார். உம்மம்மா எழுந்திருக்கவில்லை. தஸ்பீஹ் மணியை உருட்டியபடியே கேட்டார்:

"மையத்தை எரிச்சவங்கட ஊசிய நான் எப்பிடி மகன் நம்புற?"

வாப்பா ஒன்றும் பேசவில்லை. வண்டிக்காரருக்குக் கோல் எடுத்து, வர வேண்டாம் என்றார்.

உம்மம்மாவின் கேள்வியை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. 2020 ஏப்ரல் 11ஆம் திகதி வெளியான வர்த்தமானி, கொவிட் தொற்றால் இறந்தவர்களின் உடலை எரிப்பதைக் கட்டாயமாக்கியது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் சொல்லியிருந்தது. நிலத்தடி நீரில் வைரஸ் கலந்துவிடும் என்று இங்கே காரணம் கூறினார்கள். ஆதாரம் எங்கே என்று கேட்டோம். யாரும் காட்டவில்லை. உரிமை கேட்டு நீதிமன்றம் சென்றவர்களின் மனுக்களை 2020 டிசெம்பர் 1ஆம் திகதி உயர் நீதிமன்றம் விசாரணைக்கு எடுத்துக்கொள்ளாமலேயே தள்ளுபடி செய்தது. அதற்கு அடுத்த வாரம், பிறந்து இருபதே நாளான ஒரு பச்சிளங்குழந்தையின் ஜனாஸா பெற்றோரின் சம்மதமின்றி எரிக்கப்பட்டது. பொரளை மயானத்தின் வேலியில் எல்லா மதத்தவரும் வந்து வெள்ளைத் துணி கட்டிய படங்களை நாங்கள் வீட்டிலிருந்து பார்த்து அழுதோம்.

அதே டிசெம்பரில்தான் கேகாலையில் காய்ச்சப்பட்ட ஒரு பாணி கொரோனாவை விரட்டும் என்று சொல்லி, ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்றார்கள். அப்போதைய சுகாதார அமைச்சரும் அதை எல்லோரும் காண அருந்தினார். அடுத்த மாதம் அவருக்கே தொற்று உறுதியானது. விஞ்ஞானத்தின் பெயரால் எங்கள் ஜனாஸாக்களை எரித்தவர்கள், விஞ்ஞானம் ஏற்காத பாணியைக் குடித்தார்கள். இதைக் கண்ட ஒரு மூதாட்டி அரசாங்கத்தின் ஊசியை எப்படி நம்புவார்?

2021 பெப்ரவரி 25ஆம் திகதி வர்த்தமானி மாற்றப்பட்டது. ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. 2024 ஜூலையில், கட்டாய எரிப்புக்காக மன்னிப்புக் கோர அமைச்சரவை தீர்மானித்தது. ஆக, உம்மம்மாவின் மனக்காயம் நியாயமானது என்பதை அரசாங்கமே பிந்தியாவது ஒப்புக்கொண்டது.

ஆனால் என் கட்டுரை இங்கே முடிந்துவிடக் கூடாது. ஏனெனில் அந்த நாட்களில் நானும் ஒரு பிழை செய்தேன்.

உம்மம்மா கேள்வி கேட்ட அதே கிழமையில் எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் பதிவு வந்தது. யாரென்று தெரியாத ஓர் ஆணின் குரல். நடுங்கும் குரலில் ஸலாம் சொல்லித் தொடங்கினார். இந்த ஊசி முஸ்லிம் பெண்களுக்குப் பிள்ளைப் பாக்கியத்தை இல்லாமலாக்கத் திட்டமிட்டுத் தயாரிக்கப்பட்டது. ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் ஒருவர் இரகசியமாகச் சொன்னார். மற்றவர்களுக்கும் அனுப்பி உம்மத்தைக் காப்பாற்றுங்கள் என்றார். கல்யாணமாகி நான்கு மாதமே ஆகியிருந்த என் ராத்தா அதைக் கேட்டு வெலவெலத்துப் போனார். நான் என்ன செய்தேன்? அந்தப் பதிவை மூன்று குழுக்களுக்கு அனுப்பினேன். நல்லதொரு காரியம் செய்த திருப்தியோடு அன்றிரவு தூங்கினேன்.

இந்தக் கதையை நான் முன்பே எங்கோ கேட்டிருக்கிறேன் என்பது எனக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை. அதுதான் இன்று வெட்கமாக இருக்கிறது.

2018இல் நான் தரம் 6 படித்தேன். அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், கறிக்குள் கிடந்த ஒரு கட்டியைக் காட்டி, "இது வந்தியாக்கும் மாத்திரைதானே?" என்று சிலர் சிங்களத்தில் கேட்டார்கள். சிங்களம் சரியாகத் தெரியாத கடைக்காரர் பயத்தில் ஏதோ ஆமோதித்தார். அதைப் படம்பிடித்துப் பரப்பினார்கள். கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. பின்னர் அரச இரசாயனப் பகுப்பாய்வில் அந்தக் கட்டி வெறும் மாவு என்று தெரிந்தது. ஒருவரை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை என்று ஒன்று உலகிலேயே கிடையாது என்றும் வைத்தியர்கள் சொன்னார்கள். ஆனால் மாவுக்கட்டியின் கதை அதற்குள் எங்கள் கண்டி மாவட்டம் வரை வந்துவிட்டது. மார்ச் மாதம் திகனையில் வீடுகளும் கடைகளும் எரிந்தன. அவசரகால நிலை வந்தது. ஒரு கிழமையளவில் பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் முடக்கப்பட்டன. நாங்கள் விளக்கை அணைத்துவிட்டு உள்ளறையில் ஒன்றாய்ப் படுத்திருந்தோம். அந்த வன்முறைக்குத் தன் தளம் துணைபோனதற்காகப் பேஸ்புக் நிறுவனம் 2020இல் மன்னிப்புக் கேட்டது.

அடுத்த வருடம் குருநாகலில் ஒரு முஸ்லிம் வைத்தியர் ஆயிரக்கணக்கான சிங்களத் தாய்மாரை இரகசியமாகக் கருத்தடை செய்தார் என்று பத்திரிகையின் முதற்பக்கத்திலேயே செய்தி வந்தது. ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களம் நீதிமன்றத்தில் சொன்னது.

இப்போது இரண்டு கதைகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். "முஸ்லிம்கள் எங்கள் பெண்களை மலடாக்குகிறார்கள்" என்றது ஒன்று. "அவர்கள் எங்கள் பெண்களை மலடாக்குகிறார்கள்" என்றது மற்றது. பெயர்தான் மாறியிருக்கிறது. பயம் ஒன்றே. ஒரு கதையால் நாங்கள் அடிபட்டோம். மற்றக் கதையை நாங்களே சுமந்து திரிந்தோம். மாவுக்கட்டியை மாத்திரை என்று நம்பியவர்களை நான் மூடர்கள் என்று எண்ணியிருந்தேன். குரல் பதிவை நம்பிய நான் யார்?

மூடத்தனத்தில்தான் சதிக்கதை பிறக்கிறது என்று சொல்வது எளிது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அது பெரும்பாலும் ஓர் உண்மையான காயத்தில் பிறக்கிறது. காயப்பட்டவர் கேள்வி கேட்கிறார். கேட்ட இடத்தில் கதவு சாத்தப்படுகிறது. அதிகாரிகள் மௌனமாக இருக்கிறார்கள், அல்லது இன்று ஒன்றும் நாளை இன்னொன்றும் சொல்கிறார்கள். அந்த நேரத்தில் பக்கத்து வாசலில் ஒருவர் வந்து நிற்கிறார். அவரிடம் எல்லாக் கேள்விக்கும் பதில் இருக்கிறது. யாரை வெறுக்க வேண்டும் என்ற பெயரும் இருக்கிறது. அந்தப் பதில் பொய்யாக இருந்தாலும், பதில் கிடைத்த ஆறுதலில் மனம் அதைப் பிடித்துக்கொள்கிறது. ஆகவே பொய்யைப் பரப்புகிறவரைக் குறை சொல்லும்போது, கதவைச் சாத்தியவரையும் சேர்த்தே குறை சொல்ல வேண்டும்.

அதற்காக அரசாங்கத்தைச் சந்தேகிப்பதே பிழை என்று நான் சொல்லவில்லை. உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்கு முன்பே எச்சரிக்கைத் தகவல் கிடைத்திருந்தும் தடுக்கவில்லை என்று மக்கள் சந்தேகித்தார்கள். பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோரும் நீதிமன்றம் சென்றார்கள். 2023 ஜனவரி 12ஆம் திகதி, கடமை தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி 10 கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டும் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு நவம்பரில், நாட்டின் பொருளாதார வீழ்ச்சிக்கு முன்னாள் ஜனாதிபதிகள் உள்ளிட்ட உயர் பதவியாளர்கள் பொறுப்பு என்ற தீர்ப்பும் வந்தது. எரிவாயுவுக்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்ற நமக்கு அந்தத் தீர்ப்பு கொஞ்சமேனும் மனம் ஆறக் காரணமானது. சந்தேகிப்பது குடிமக்களின் உரிமை. சில வேளை அது கடமையும்கூட.

அப்படியானால் நல்ல சந்தேகத்தையும் சதிக்கதையையும் எப்படிப் பிரித்தறிவது? நான் எனக்கென்று ஓர் உரைகல் வைத்திருக்கிறேன். "எதைக் காட்டினால் நான் என் எண்ணத்தை மாற்றிக்கொள்வேன்?" என்று என்னையே கேட்பேன். நீதிமன்றம் சென்ற பெற்றோர் ஆவணங்களைக் கேட்டார்கள், சாட்சிகளைக் கேட்டார்கள். அவர்களுடைய சந்தேகம் ஆதாரத்துக்குக் கட்டுப்பட்டது. சதிக்கதைக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. வைத்தியர் மறுத்தால், "அவரும் அவர்களுடைய ஆள்". பகுப்பாய்வு அறிக்கை மறுத்தால், "அறிக்கையை மாற்றிவிட்டார்கள்". எதைக் காட்டினாலும் அதையே தனக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளும் கதையை நம்புகிறவர், உண்மையைத் தேடுவதை நிறுத்திவிட்டார்.

எங்கள் வீட்டில் அந்தக் கதையை உடைத்தவர் ஒரு பேராசிரியரோ அமைச்சரோ அல்ல. குடும்பநல மாது. எங்களுக்கு அவர் "மிஸ்". நான் பிறந்த காலத்திலிருந்தே எங்கள் தெருவுக்கு வருகிறவர். அவர் முஸ்லிம் அல்ல. ஒருநாள் அவர் வந்து திண்ணையில் உட்கார்ந்தார். உம்மா குரல் பதிவைப் போட்டுக் காட்டினார். மிஸ் சிரிக்கவில்லை, ஏசவுமில்லை. கடைசி வரை கேட்டுவிட்டு, "இதைக் கேட்டால் எனக்கும்தான் பயமா இருக்கும்" என்றார். பிறகு ராத்தாவின் கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொன்னார். தானும் போட்டுக்கொண்டதைச் சொல்லித் தன் அட்டையைக் காட்டினார். கை வலிக்கும், காய்ச்சல் வரலாம், உடம்பு உளையும் என்றார். ஒரு கேள்விக்கு, "அது எனக்குத் தெரியாது, டொக்டரிடம் கேட்டு நாளைக்குச் சொல்றேன்" என்றார். மறுநாள் வந்து சொன்னார்.

உம்மம்மாவும் ராத்தாவும் ஊசி போட்டுக்கொண்டார்கள். அன்றிரவு உம்மம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. அவர் பயப்படவில்லை. "மிஸ் சொன்னமாதிரியே வந்திருக்கு" என்றார். கெட்டதை முன்கூட்டியே சொன்னதால்தான் மிஸ் சொன்ன நல்லதையும் உம்மம்மா நம்பினார். ஆட்சியில் இருப்பவர்கள் படிக்க வேண்டிய பாடம் அந்தத் திண்ணையில் இருந்தது. ராத்தாவின் மகளுக்கு இப்போது இரண்டு வயது.

ஆனால் எல்லா வீட்டிலும் கதை இப்படி முடியவில்லை. எங்கள் தெருக்கோடியில் இருந்த ஓர் அப்பா ஊசி போட மறுத்துவிட்டார். 2021 ஒகஸ்ட் மாதம் கொவிட்டில் மௌத்தானார். அவருடைய பேத்தி, நான் குரல் பதிவு அனுப்பிய ஒரு குழுவில் இருந்தாள். அதைக் கேட்டுத்தான் அவர் மறுத்தார் என்று என்னால் சொல்ல முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியாது. அவளிடம் கேட்கும் தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை.

செய்தி ஒன்று வந்தால் அதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும், அறியாமல் பிறருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்த நேரக்கூடாது என்பது சூரா ஹுஜுராத்தில் நமக்கு இடப்பட்ட கட்டளை. அதை நான் சிறுவயதிலேயே மனனம் செய்திருந்தேன். விரல் தொலைபேசியைத் தொட்டபோது மட்டும் மறந்துபோனேன்.

தோழியரே, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கிறது. எந்த அரச நிறுவனத்திடமும் ஒரு பிரஜை தகவல் கேட்கலாம். ஏன் கேட்கிறாய் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். குடியியல் பாடத்தில் புள்ளிக்காகப் படித்ததை ஒரு முறையாவது எழுதிப் பார்ப்போம்.

பெற்றோர்களே, நம் சமூகத்தில் பொறுப்பில் இருப்பவர்களும் மக்கள் பார்வையில் மேலிடத்தார்தான். எங்கள் தெருப் பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமை தோறும் வரவு செலவை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்கள். நின்று வாசிப்பவர்கள் குறைவு என்று வாப்பா சொல்வார். ஆனால் ஒரு கிழமை ஒட்ட மறந்தால் ஊரெல்லாம் கதைதான். அரசாங்கத்திடம் கணக்குக் கேட்கும் நாம், நம் சங்கங்களிலும் நிர்வாக சபைகளிலும் கணக்கைத் திறந்து வைக்க வேண்டும். வீட்டிலும் பிள்ளைகள் கேள்வி கேட்டால், "சும்மா இரு" என்று வாயை அடைக்காதீர்கள். வீட்டில் பதில் கிடைக்காத பிள்ளை தொலைபேசியில் பதில் தேடும்.

உம்மம்மாவின் கேள்விக்கு இப்போது என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. அண்மையில் அவர் காலடியில் உட்கார்ந்து சொன்னேன்: "எரிச்சவங்கள மன்னிச்சாத்தான் ஊசிய நம்பலாம் என்று இல்ல உம்மம்மா. எரிச்சதுக்கு அவங்க பதில் சொல்லத்தான் வேணும். ஊசி நல்லதா கெட்டதா என்றது வேற கேள்வி. அதைத் தெரிஞ்சவங்ககிட்டத்தான் கேக்கணும்."

உம்மம்மா சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "இதை அண்டைக்கே சொல்லியிருந்தா வண்டிய திருப்பி அனுப்பியிருக்க மாட்டேனே" என்றார்.

— தரம் 13, கலைப் பிரிவு மாணவி