இந்த ஊசி எத்தனை நாளைக்குத் தாங்கும்?

சம்மதப் படிவத்தில் கையெழுத்திடும் முன், கணையப் புற்றுநோயாளியின் வீட்டார் கேட்பது இதைத்தான். "மூணு மாசம் தாங்கும்மா" என்று பழக்கத்தில் சொல்லிவிடுகிறோம். எப்போது போடுகிறோம் என்பதைச் சேர்க்காமல் அந்தக் கணக்கைச் சொல்லக்கூடாது.

1914-இல் ஜெர்மனியின் மாக்ஸ் காப்பிஸ் முதுகு வழியே ஊசி செலுத்தி மரக்கச் செய்த சீலியாக் பிளெக்ஸஸ் என்னும் நரம்புப் பின்னலை, இன்று ஆல்கஹால் ஏற்றி அழிக்கிறோம். 1995-இல் ஐசன்பெர்க் குழு தொகுத்த தரவுகளில், மூன்று மாதம் கழித்து உயிரோடிருந்தவர்களில் சுமார் 90 சதவீதத்தினருக்கு முழுமையாகவோ ஓரளவோ நிவாரணம் நீடித்தது. 2011-இன் காக்ரேன் தொகுப்பு இவ்வளவு உற்சாகம் தரவில்லை: நான்காம் வாரத்தில் வலி குறைந்தது பத்துக்கு அரைப் புள்ளிக்கும் கீழ்தான். ஆனால் ஓபியாய்டின் தேவை தெளிவாகக் குறைந்தது. மலச்சிக்கலோடு போராடும் நோயாளிக்கு அது சின்ன விஷயமல்ல.

சென்ற மாதம் வந்தவர் தலையணையை வயிற்றோடு அணைத்துக் குனிந்தே உட்கார்ந்திருந்தார். பல மாதங்களாக மார்ஃபின். குப்புறப் படுக்க முடியாததால் ஒருக்களித்து வைத்தே ஊசி செலுத்தினோம். அயோர்ட்டாவைச் சுற்றி நிணநீர்க்கட்டிகள்; கான்ட்ராஸ்ட் ஒரு பக்கமே தேங்கி நின்றது. மருந்து பரவாத இடத்தில் நிவாரணம் எங்கிருந்து வரும்? மூன்று வாரத்தில் வலி திரும்பியது. அந்த மூன்று வாரமும் கால் நீட்டித் தூங்கினார் என்றார் அவர் மனைவி. முன்பே அனுப்பியிருந்தால் இன்னும் எத்தனை இரவுகள் தூங்கியிருப்பாரோ!

2011-இல் மான்ட்ரியலின் வைஸ் குழு, அறுவைக்கு எட்டாத கட்டி என்று தெரிந்த அதே எண்டோஸ்கோப்பி அமர்விலேயே இந்த நரம்பழிப்பை (நியூரோலிசிஸ்) செய்தது. மூன்றாம் மாதத்தில் அந்த நோயாளிகளுக்கு, அது செய்யப்படாதவர்களைவிட வலி குறைவாக இருந்தது. நாமோ இதைக் கடைசி ஆயுதமாகவே வைத்திருக்கிறோம்.

திரும்பும் வலி எல்லாமே ஊசியின் தோல்வியும் அல்ல. அழிந்த இழைகள் மீண்டும் துளிர்க்கலாம். கட்டி வயிற்றுச் சுவரையோ முதுகையோ தொட்டுவிட்டால் அந்த வலி சீலியாக் வழியாக வருவதே இல்லை. மறுபடி ஊசி போடுமுன் புதிதாக ஒரு சி.டி. எடுத்துப் பாருங்கள். இரண்டாவது ஊசி பெரும்பாலும் முதலாவதைப் போல் பலிப்பதில்லை என்பதை வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். மார்ஃபினை அன்றிரவே நிறுத்தாமல் படிப்படியாகக் குறையுங்கள். வலி திரும்பினால் யாரை எந்த எண்ணில் அழைக்க வேண்டும் என்பதையும் டிஸ்சார்ஜ் சீட்டிலேயே எழுதிக் கொடுங்கள்.